ஒரு பக்க மூக்கடைப்பும் பேர் வராத கட்டியும்: டொக்டர்கிட்ட கேளுங்க

போன இதழ்ல பீனிசத்தப் பத்தி எழுதும்போது கடைசில ஒரு வரி போட்டிருந்தேன், ஒரு பக்க மூக்கு மட்டும் கிழமக்கணக்கா அடைச்சுக்கிட்டே இருந்தா அத பீனிசம்னு விட்டுடாதீங்க, உள்ள கமரா விட்டுப் பாக்கச் சொல்லுங்கன்னு. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தத் தடவ இவ்வளவு கடிதமும் வாட்ஸ்அப்பும். சிலது வெறும் பயம், சிலது உண்மையாவே நோய் உள்ள வீட்டுல இருந்து வந்தது, அதுலயும் மூக்குல வர்ற நியூரோஎண்டோகிரைன் வகைப் (நரம்புக் குணமும் ஹோர்மோன் சுரக்கிற குணமும் கலந்த செல்லுல வர்ற) புற்றுநோயப் பத்தி ஒன்னுக்கு மேல வந்தது எனக்கே ஆச்சரியம். தல கழுத்துப் பக்கம் வர்ற புற்றுநோய்கள்ல மூக்கு, சைனஸ்ல வர்றதே நூத்துக்கு அஞ்சுக்கு மேல போகாது, அதுக்குள்ள இது இன்னும் சின்னப் பங்கு. பேரெல்லாம் எடுத்துட்டு ஊர மட்டும் விட்டிருக்கேன்.

வெள்ளவத்தையில இருந்து ஒரு மகள்: எங்கட அப்பாவுக்கு 58 வயசு. ஏழெட்டு மாசமா வலது பக்க மூக்கு அடைப்பு, இடைக்கிட ரத்தம் கலந்த சளி. பீனிசம்னு மாத்தி மாத்தி அன்டிபயோட்டிக்கும் ஸ்ப்ரேயும்தான் ஓடிச்சு. இப்ப ஈஎன்டி டொக்டர் துண்டெடுத்து அனுப்பினதுல 'ஸ்மோல் ரவுண்ட் புளூ செல் டியூமர், இம்யூனோ செய்யவும்'னு மட்டும் ரிப்போர்ட் வந்திருக்கு. அது வர்ற வரைக்கும் ஒபரேஷன் இல்லன்னு கன்சல்டன்ட் சொல்றார். கட்டின்னு தெரிஞ்ச பொறகு வெட்டி எறிய வேண்டியதுதானே, எதுக்கு பாத்துக்கிட்டு இருக்கணும், காசு கட்டி வேற இடத்துல செய்வோம்னு மாமா நிக்கிறார். என்ன செய்யலாம் டொக்டர்?

மகள், மாமாட ஆத்திரம் விளங்குது, ஆனா இந்த விஷயத்துல உங்கட கன்சல்டன்ட் பக்கம்தான் நான். 'ஸ்மோல் ரவுண்ட் புளூ செல்'ங்கிறது நோயோட பேரே இல்ல, மைக்ரோஸ்கோப்புல தெரிஞ்ச தோற்றம், சின்னதா உருண்டையா நீலச் சாயம் புடிச்ச செல்லு கூட்டமா இருக்குங்கிறத தவிர அதுல வேற ஒன்னும் இல்ல. அப்படித் தெரியிற நோய் மூக்குக்குள்ள ஏழெட்டு இருக்கு. மணம் புடிக்கிற நரம்புப் பகுதியில வர்ற ஒல்ஃபெக்டரி நியூரோபிளாஸ்டோமா, ஸ்மோல் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா, டொக்டர்மார் ஸ்நக்னு சுருக்கிச் சொல்ற எந்தப் பக்கமும் சேராத கார்சினோமா (கார்சினோமான்னா உறுப்புகள மூடின தோல் செல்லுல தொடங்குற புற்றுநோய்), லிம்ஃபோமாங்கிற வெள்ளை ரத்த அணுப் புற்றுநோய், மெலனோமாங்கிற நிறச் செல்லுப் புற்றுநோய், சின்னப் பிள்ளைகளுக்கு கூட வர்ற தசைப் புற்றுநோய், ஏன், மூளைக்கு அடியில உள்ள பிட்யூட்டரி சுரப்பியில வளர்ந்து கீழ இறங்கின புற்றுநோயே இல்லாத கட்டி கூட இதே மாதிரித்தான் தெரியும். காலைல காலி வீதியில ஸ்கூல் பிள்ளைங்க போறத பாத்திருப்பீங்க, தூரத்துல இருந்து பாத்தா எல்லாம் ஒரே வெள்ள யூனிபோம், கிட்டப் போய் பெட்ஜ பாத்தாதான் எந்த ஸ்கூல்னு தெரியும். இம்யூனோங்கிறது அந்த பெட்ஜ பாக்கிற வேலைதான்.

செய்றது என்னன்னா, அப்பாகிட்ட எடுத்த துண்ட மெழுகுல பதிச்சு ஒரு ப்ளொக் ஆக்கி வச்சிருப்பாங்க, அதுல இருந்து மெல்லிசா மெல்லிசா சீவி ஒவ்வொரு கண்ணாடித் தகட்டுலயும் ஒவ்வொரு ஸ்டெயின் போடுவாங்க. சினெப்டோஃபிசின், குரோமோகிரெனின், ஐஎன்எஸ்எம்1 இதெல்லாம் புடிச்சா நியூரோஎண்டோகிரைன் பக்கம்னு அர்த்தம். கெரட்டின் நல்லா புடிச்சா கார்சினோமா, கெரட்டின் புடிக்காம செல் கூட்டத்த சுத்தி ஓரத்துல மட்டும் எஸ்100 மெல்லிசா வளையம் போட்டா ஒல்ஃபெக்டரி நியூரோபிளாஸ்டோமா பக்கம் சாயும். சிடி45ங்கிற ஸ்டெயின் புடிச்சா லிம்ஃபோமா. சிடி56னு ஒன்னு இருக்கு, அத மட்டும் வச்சு முடிவெடுக்க ஏலாது, அது லிம்ஃபோமாலயும் தசைப் புற்றுநோய்லயும் கூட புடிக்கும். கடைசியா கேஐ67, செல்லு எவ்வளவு வேகமா பெருகுதுன்னு சொல்ற இலக்கம், ஸ்மோல் செல்னா அது பெரும்பாலும் பாதிக்கு மேலேயே நிக்கும். இதெல்லாம் கைவேல, ஒரு ஸ்டெயின் பாத்து அடுத்தத தீர்மானிக்கிறதும் உண்டு, அதனால ரெண்டு கிழம போகலாம்.

ஏன் இவ்வளவு பாடுன்னா பேருக்கு பேர் வைத்தியம் தலகீழா மாறுது. ஒல்ஃபெக்டரி நியூரோபிளாஸ்டோமான்னா முதல்ல ஒபரேஷன், பொறகு ரேடியேஷன். ஸ்மோல் செல்னா முதல்ல கீமோ. லிம்ஃபோமான்னா வெட்டுறதுக்கு வேலையே இல்ல. பிட்யூட்டரி கட்டியில ஒரு வகைக்கு குளிசையே போதும். இப்ப மாமா சொல்றபடி, மூக்குச் சதைன்னு சொல்ற போலிப்ப வழிக்கிற மாதிரி துண்டு துண்டா வழிச்சு எடுத்துட்டு, அதுக்குப் பொறகு பேர் வந்து அது முழுசா ஓரம் விட்டு எடுக்க வேண்டிய வகையா இருந்தா, கட்டி எங்க ஒட்டியிருந்துச்சு எது நல்ல ஓரம்னு அடுத்த சேர்ஜனுக்கு கண்டுபுடிக்கிறதே கஷ்டம்.

காத்திருக்கிற ரெண்டு கிழமய சும்மா விடாதீங்க. சிடி எடுத்திருப்பாங்க, எம்ஆர்ஐயும் எடுத்தாச்சான்னு கேளுங்க, ரெண்டும் வேணும். சிடில எலும்பு தெரியும், மூக்குக் கூரைக்கும் மூளைக்கும் நடுவுல உள்ள மெல்லிசு எலும்பும், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல கடதாசி மாதிரி உள்ள எலும்பும் அரிச்சிருக்கான்னு பாக்க. எம்ஆர்ஐல எது கட்டி, எது கட்டிக்கு பின்னால தேங்கின வெறும் சளின்னு பிரிஞ்சு தெரியும், சிடில சைனஸ் முழுக்க அடைஞ்ச மாதிரி பயங்காட்டினது எம்ஆர்ஐல பாத்தா பாதி சளியா இருக்கும். மூளைய மூடின சவ்வு வரைக்கும் போயிருக்கா, கண் குழிக்குள்ள போயிருக்கா, அதுவும் அதுலதான். கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு ஒரு ஸ்கேன், நெஞ்சுக்கு ஒரு சிடி. ரத்தத்துல சோடியமும் பாக்கச் சொல்லுங்க, இந்த வகைக் கட்டிகள்ல சிலது ஹோர்மோன் சுரந்து சோடியத்த இறக்கி விடும், ஆள் தடுமாறிப் பேசுவார், வீட்டுல வயசுன்னு நெனச்சுக்குவாங்க.

எல்லா லேப்லயும் எல்லா ஸ்டெயினும் இருக்காது. ரிப்போர்ட்ல திரும்பவும் 'இருக்கலாம்', 'நிராகரிக்க ஏலாது'ன்னே வந்தா அந்த ப்ளொக்கையும் ஸ்லைட்டையும் கேட்டு வாங்கி இன்னொரு பெத்தோலொஜிஸ்ட்டுக்கு, முடிஞ்சா புற்றுநோய் ஆஸ்பத்திரியில இந்த வகைய பாத்துப் பழகினவருக்கு, அனுப்பச் சொல்லுங்க. ப்ளொக் சின்ன பிளாஸ்டிக் டப்பி, கைல கொண்டு போகலாம், வெயில்ல கார் டாஷ்போட்ல மட்டும் வச்சிடாதீங்க, மெழுகு. டொக்டர் கோவிப்பாரோன்னு நம்ம ஆக்கள் யோசிக்கிறது எனக்கு தெரியும். நல்ல டொக்டர் கோவிக்க மாட்டார், இந்த நோய்ல ரெண்டாவது ஆள் பாத்ததும் பேர் மாறுறது உலகம் முழுக்க நடக்கிற காரியம்.

ஆனா ரெண்டு கிழம காத்திருக்கிறது வேற, ரெண்டு மாசம் இழுபடுறது வேற. ரெண்டாவது கிழமயும் போச்சுன்னா நீங்களே லேபுக்கு நேர்ல போய் கேளுங்க. இடையில கண் வெளிய தள்ளினா, பார்வ மங்கினா, ஒன்னு ரெண்டா தெரிஞ்சா ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அன்டைக்கே வார்டுக்கு கூட்டிட்டுப் போங்க.

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அக்கா: எங்கட வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவ மூக்குல ரத்தம் வந்துச்சு. உங்கட கட்டுரைய படிச்ச நாள்ல இருந்து எனக்கு நித்திரையே இல்ல.

அக்கா, நித்திர கொள்ளுங்க. மூக்குல ரத்தம் வர்ற ஆக்கள்ல அனேகம் பேருக்கு அது மூக்குத் தண்டோட முன்பக்கத்துல உள்ள சின்ன ரத்தக்குழாய்ல இருந்து வர்றதுதான், நோண்டினது, காஞ்சு போனது, அஸ்பிரின் மாதிரி ரத்தத்த இளக்கிற குளிசை. பிரஷரையும் ஒருக்கா பாத்துக்குங்க. காய்ச்சலோட வந்தா கொழும்புல முதல்ல டெங்குவ நெனைங்க, புற்றுநோய இல்ல. ரத்தம் வந்தா தலய பின்னால சாய்க்காம முன்னால குனிஞ்சு மூக்கோட மெல்லிசான பகுதிய பத்துப் பதினஞ்சு நிமிஷம் விடாம அமத்திப் புடிக்கணும், நடுவுல விட்டு விட்டு பாக்கக் கூடாது.

நான் எச்சரிக்கை சொன்னது ஒரே பக்கம், விடாம, கூடிக்கிட்டே போறதுக்கு. ஒரே பக்க அடைப்போட அதே பக்கம் ரத்தம், மணம் குறையிறது, ஒரு கண்ணுல மட்டும் சும்மா சும்மா தண்ணி வடியிறது, கன்னம் மரத்துப் போறது, மேல் பல்லு காரணமில்லாம ஆடுறது, கழுத்துல வலியில்லாத நெறி. இதுல ரெண்டு சேந்தா ஈஎன்டிக்கு சனல் பண்ணுங்க (தனியார்ல நேரம் எடுங்க), இல்லன்னா ஓபிடியில காட்டி கிளினிக்குக்கு துண்டு வாங்குங்க. கமரா பாக்கிறது அஞ்சு நிமிஷ வேல, மருந்து ஸ்ப்ரே அடிச்சுட்டு பென்சில விட மெல்லிசான குழாய்தான் உள்ள போகும். போலிப் சாதாரணமா ரெண்டு பக்கமும் வரும், ஒரு பக்கம் மட்டும் போலிப்னா அத துண்டெடுத்துப் பாக்காம போலிப்னு சொல்லக் கூடாதுங்கிறது எங்கட படிப்புல பழைய பாடம். ஆனா கட்டி தெரிஞ்ச உடனே அதே கதிரையில வச்சு துண்டெடுக்கிறதும் சரியில்ல, ஸ்கேன் பாத்துட்டுதான் எடுக்கணும், ஏன்னா சிலது ரத்தக்குழாய்க் கட்டியா இருந்து கொட்டிடும், சிலது மூளையோட சவ்வு கீழ இறங்கினதா இருக்கும். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாத்தச் சளின்னா கூடுதலும் மணியோ பட்டாணியோ உள்ள போட்டிருக்கும், அதுக்கும் காட்டத்தான் வேணும்.

தெமட்டகொடையில இருந்து ஒரு வாசகர்: எங்கட உம்மாவுக்கு ஒல்ஃபெக்டரி நியூரோபிளாஸ்டோமா, கெடிஷ் பீ ன்னு சொல்லி இருக்காங்க. முகத்துல வெட்டில்லாம மூக்கு வழியாவே முழுசா எடுக்கலாமாம். மூளைக்கு பக்கத்துல உள்ளத மூக்கு வழியா எப்படி முழுசா எடுக்கிறது? பொறகு ஏன் ரேடியேஷனும்?

தம்பி, கேள்வி நியாயம். இந்த நோய 1924ல பிரான்ஸ்ல பெர்ஜர், லூக்ங்கிறவங்க முதல்ல எழுதி வச்சாங்க. 1976ல கெடிஷ்ங்கிறவரும் கூட்டாளிமாரும் அத மூணாப் பிரிச்சாங்க, மூக்குக்குள்ள மட்டும்னா ஏ, பக்கத்து சைனஸுக்கும் போயிருந்தா பீ, அதையும் தாண்டி கண்ணு, மூளப் பக்கம் போயிருந்தா சீ. கழுத்து நெறிக்கோ தூர உறுப்புக்கோ பரவினத டீன்னு பொறகு சேத்தாங்க. உம்மாவுக்கு பீ, அப்ப மூளைக்குள்ள போகல. இதோட ஹையம்ஸ் கிரேட்னு ஒன்னு முதல் நாலு வரைக்கும் ரிப்போர்ட்ல இருக்கும், அதையும் கேட்டு எழுதி வைங்க, ஒன்னு ரெண்டுன்னா மெதுவான ஆள், மூணு நாலுன்னா அவசரக்காரன். ஸ்டேஜ மட்டும் கேட்டுட்டு கிரேட விட்டுடுறாங்க எல்லாரும்.

மூக்கு வழியா செய்றத பத்தி: முன்னெல்லாம் மண்டையோட்ட முன்னால திறந்து, முகத்துலயும் வெட்டி, ரெண்டு பக்கமும் இருந்துதான் எடுத்தாங்க, இன்னைக்கும் சில கட்டிக்கு அது வேணும். ஆனா சரியா தெரிவு செஞ்ச ஆளுக்கு, பழக்கமான கையில, கமராவால செய்றது குறைச்சல் இல்லன்னு தெளிவாயிடிச்சு. எந்த வழியால போனாங்கங்கிறத விட ஓரத்துல நோய் மிஞ்சிச்சா இல்லையாங்கிறதுதான் முக்கியம். ஒபரேஷன் நடக்கும்போதே ஓரத்துல துண்டெடுத்து உறைய வச்சு பாப்பாங்க, நோய் இருந்தா இன்னும் கொஞ்சம் எடுப்பாங்க. மூக்குக் கூரை எலும்ப எடுத்த ஓட்டைய மூடுறதுதான் முன்ன பெரிய தலவலி, 2006க்குப் பொறகு மூக்கு நடுச்சுவர் சவ்வையே ரத்த ஓட்டத்தோட திருப்பி மேல போட்டு மூடுற முற வந்து அது நல்லா சுகமாயிடிச்சு. அதனால சேர்ஜன்கிட்ட நீங்க கேக்க வேண்டியது முகத்துல தழும்பு வருமான்னு இல்ல. மண்டையோட்டு அடிப்பகுதி ஒபரேஷன் எத்தன செஞ்சிருக்கீங்க, நியூரோ சேர்ஜனும் கூட நிப்பாரான்னு கேளுங்க, மரியாதையா கேட்டா தப்பில்ல.

வீட்டுக்கு வந்த பொறகு ஒரு விஷயம். குனியும்போது மூக்குல இருந்து தெளிஞ்ச தண்ணி சொட்டு சொட்டா விழுந்து வாய்க்கு உப்பா இருந்தா அது தடிமன் இல்ல, மூளத் தண்ணியா இருக்கலாம், உடனே வார்டுக்கு. மூக்க சிந்த வேணாம், தும்மல் வந்தா வாயத் திறந்து தும்மச் சொல்லுங்க. சுஜூதுல குனியிறது எப்ப தொடங்கலாம்னு சேர்ஜன்கிட்டயே கேளுங்க, அதுவரைக்கும் கதிரையில இருந்து தொழலாம்தானே, உம்மாகிட்ட அத முதல்லயே சொல்லி வைங்க, கேக்க மாட்டாங்க.

ரேடியேஷன் ஏன்னா, கண்ணுக்கு தெரியாத மிச்சத்துக்கு. இந்த நோய் மெதுவா திரும்பி வர்ற பழக்கம் உள்ளது, பத்து வருஷம் தாண்டியும் வரும், அதனால ஒபரேஷன் நல்லா முடிஞ்சாலும் அனேகமா எல்லாருக்கும் ரேடியேஷன் சேப்பாங்க. சாதாரணமா ஆறு கிழம போல, வார நாள்ல தினமும், ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான், முகத்துக்கு அச்சு எடுத்த வலை மாதிரி முகமூடி போட்டு அசையாம படுக்க வப்பாங்க. மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியில காசில்லாம செய்றாங்க, புறக்கோட்டையில இருந்து 138 பஸ்ல போகலாம், ஆனா ஆறு கிழமயும் தெமட்டகொடையில இருந்து பஸ்ல கூட்டிட்டுப் போனா உம்மா களைச்சுடுவாங்க, மூணாவது கிழமைக்குப் பொறகாவது த்ரீவீல் காசு எடுத்து வைங்க. தொடங்க முதல் பல்லு டொக்டர்கிட்ட காட்டி எடுக்க வேண்டிய பல்ல எடுத்துடணும், பொறகு எடுத்தா தாடை எலும்பு ஆறாது. கண் காயும், பிந்தி கண்ணுல வெண்படலம் வரலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு.

எல்லா ஸ்டேஜும் சேத்துப் பாத்தா இந்த நோய்ல பத்துக்கு ஏழெட்டு பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்க. மூக்குல வர்ற இந்தக் கூட்டத்துல நல்ல பேர் இதுதான்.

வத்தளையில இருந்து ஒரு அண்ணா: தம்பிக்கு 34, கல்யாணம் இன்னும் இல்ல. மூக்குல ஸ்மோல் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா. கீமோதான் முதல்ல, ஒபரேஷன் இப்ப இல்லன்னு சொல்லிட்டாங்க. ஒபரேஷன் இல்லன்னா கைவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்? அம்மா அழுதுக்கிட்டே இருக்கா.

இல்ல. அம்மாகிட்ட இத முதல்ல வாசிச்சுக் காட்டுங்க: ஸ்மோல் செல்லுக்கு கீமோ முதல்ல வர்றது கைவிட்டதால இல்ல, அதுதான் அந்த நோய்க்கு முதல் வைத்தியம்.

இந்த வகை மூக்குல இருக்கும்போதே ரத்தத்துல கலந்து ஓடப் பாக்கும். மூக்குல உள்ளத எவ்வளவு அழகா வெட்டினாலும் ஓடினது ஓடினதுதான், ஒபரேஷன் காயம் ஆற ரெண்டு மாசம் கீமோ தள்ளிப் போனா நட்டம் ஆளுக்குத்தான். சிஸ்பிளாட்டினும் எட்டோபொசைடும்தான் வழமையான சோடி, நுரையீரல்ல வர்ற ஸ்மோல் செல்லுக்கு குடுக்கிற அதே மருந்து, மூணு நாள் ஏத்தி மூணு கிழமைக்கு ஒரு தடவ. அதோட, இல்லன்னா அதுக்குப் பொறகு ரேடியேஷன். மிஞ்சினது இருந்தா ஒபரேஷன் அப்ப பேச்சுக்கு வரும். நெஞ்சு சிடி கட்டாயம் எடுத்திருக்கணும், ஏன்னா நுரையீரல்ல தொடங்கி மூக்குக்கு வந்த ஸ்மோல் செல்லும் உண்டு, மைக்ரோஸ்கோப்புல ரெண்டும் ஒன்னுதான்.

முதல்ல கீமோ குடுத்து பாக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஸ்நக் வகை 95 பேர வச்சு ஹூஸ்டன்ல எம்டி அண்டர்சன் ஆஸ்பத்திரி 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கீமோவுக்கு கட்டி நல்லா சுருங்கின ஆக்களுக்கு தொடர்ந்து கீமோவும் ரேடியேஷனும் குடுத்தது ஒபரேஷன விட நல்லா வேல செஞ்சிருக்கு, சுருங்காத ஆக்களுக்கு ஒபரேஷன்தான் நல்லா போயிருக்கு. அது உங்கட தம்பியோட நோய் இல்ல, பக்கத்து வீட்டு நோய், ஆனாலும் கட்டி மருந்துக்கு என்ன பதில் சொல்லுதுன்னு பாத்து அடுத்தத தீர்மானிக்கிற யோசனை இந்தக் கூட்டம் முழுக்க பரவியிருக்கு. நோய் கடுமையானது, நான் மறைக்க மாட்டேன், ஆனா மருந்துக்கு முதல் தடவையே நல்லா சுருங்குற நோயும் இதுதான்.

சிஸ்பிளாட்டின் ஏத்துற நாளுக்கு முன்ன பின்ன தண்ணி நல்லா குடிக்கணும், கிட்னிக்கு பாரம். காது இரைச்சல் வந்தா, விரல் நுனி விறைச்சா அடுத்த டோஸுக்கு முதல் சொல்லணும், தொடங்க முதலே காது டெஸ்ட் ஒன்னு எடுத்து வச்சா ஒப்பிட்டுப் பாக்கலாம். மருந்து ஏத்தி ஒரு கிழமைக்குப் பொறகு காய்ச்சல் 38 தாண்டினா பனடோல் குடுத்து வீட்டுல வச்சிருக்க வேணாம், நடுச்சாமமா இருந்தாலும் ஆஸ்பத்திரி. இன்னொன்னு, யாரும் வெக்கத்துல கேக்க மாட்டாங்க: கல்யாணம் ஆகாத பையன், கீமோவால பிள்ள பெறுற சக்தி குறையலாம், தொடங்க முதல் விந்து சேமிச்சு வைக்க வசதி இருக்கான்னு புற்றுநோய் டொக்டர்கிட்ட (ஒங்கொலொஜிஸ்ட்) தம்பியே தனிய கேக்கட்டும். அம்மாவ வெளிய இருக்கச் சொல்லுங்க.

மொரட்டுவையில இருந்து ஒரு ஐயா: முப்பது வருஷமா தளபாட வேல, மரத்தூளுக்குள்ளதான் சீவியம். எனக்கும் இந்த நோய் வருமா? பிள்ளைகளுக்கு தொத்துமா?

தொத்தாது ஐயா, இருமலாலயோ ஒரே கோப்பையில சாப்பிடுறதாலயோ வர்ற நோய் இல்ல. மரத்தூள் மூக்குப் புற்றுநோய்க்கு காரணம்ங்கிறது உறுதியான விஷயம், உலக சுகாதார ஸ்தாபனத்தோட புற்றுநோய் ஆய்வு நிலையம் அத முதல் பட்டியல்லயே போட்டிருக்கு, ஆனா அது கூடுதலா அடினோகார்சினோமாங்கிற வேற வகைக்கு. நியூரோஎண்டோகிரைன் வகைக்கு இதுதான் காரணம்னு கைகாட்ட ஒன்னும் இல்ல. அதுக்காக மாஸ்க் இல்லாம சாண்ட் பேப்பர் தேய்க்கலாம்னு இல்ல. சேர்ட்ட முகத்துல கட்டுறது மாஸ்க் கிடையாது. ஒரு பக்க அடைப்பு வந்தா டொக்டர்கிட்ட உங்கட தொழில நீங்களே சொல்லுங்க, அவங்க கேக்க மறந்துடுவாங்க.

கிராண்ட்பாஸ்ல இருந்து ஒரு தங்கச்சி: அக்காவுக்கு மூக்குல நியூரோஎண்டோகிரைன் கட்டி. கனடாவுல உள்ள அண்ணா டோட்டடேட் ஸ்கேன், குரோமோகிரெனின் ரத்த டெஸ்ட், லுட்டீசியம் வைத்தியம்னு ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கார், இங்க டொக்டர் ஒன்னும் சொல்லல. ஒரு சொந்தக்காரர் கட்டு அனோதா (முள்ளு சீத்தா) இல அவிச்சு குடுக்கச் சொல்றார். எத கேக்கிறது?

அண்ணா அனுப்பின லிஸ்ட் பிழையில்ல, ஆனா அது குடல்லயும் கணையத்துலயும் வர்ற மெதுவான நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு எழுதின லிஸ்ட். பேர் ஒன்னா இருக்கிறதால எல்லாரும் குழம்புறாங்க. லுட்டீசியம்ங்கிற கதிரியக்க மருந்துக்கு அமெரிக்காவுல 2018ல அனுமதி குடுத்ததும் அந்த வயித்துப் பக்க கட்டிகளுக்குத்தான். டோட்டடேட் ஸ்கேன் சோமட்டோஸ்டட்டின்ங்கிற ஹோர்மோன புடிக்கிற செல்லுள்ள கட்டிய தேடிக் காட்டும், மூக்குல ஒல்ஃபெக்டரி நியூரோபிளாஸ்டோமாவுல அது பெரும்பாலும் புடிக்கும், அதனால நோய் திரும்பி வந்திருக்கான்னு தேட உதவும். லுட்டீசியம் மூக்கு நோய்க்கு குடுத்தது வேற வழி தீர்ந்து போன சில பேருக்குத்தான். ஸ்மோல் செல்னா இந்த ஸ்கேன நம்ப ஏலாது, சாதாரண பெட் ஸ்கேன்தான். அக்காவோட முழுப் பேர் என்ன வகைன்னு நீங்க எழுதல தங்கச்சி, அது தெரியாம அந்த லிஸ்ட்டால ஒரு பிரயோசனமும் இல்ல, முதல்ல அத கேளுங்க. குரோமோகிரெனின் ரத்த டெஸ்ட்டுக்கு காச விடாதீங்க, மூக்கு நோய்ல அது வழி காட்டாது, அக்கா கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் போடுறான்னா நோயே இல்லாம கூட ஏறிக் காட்டும், வீட்டுல எல்லாரும் பயந்து போவீங்க.

அனோதா இல வேணாம். கீமோ போற நேரத்துல என்ன சேந்திருக்குன்னு தெரியாத கசாயம் ஈரலுக்கும் கிட்னிக்கும் வேல குடுக்கும், ரத்த ரிப்போர்ட் கெட்டா அடுத்த டோஸ தள்ளிப் போடுவாங்க. கொத்தமல்லி அவிச்சு குடிக்கிறதுல ஒன்னும் இல்ல, அத குடுங்க, சொந்தக்காரரும் சந்தோசப்படுவார். காசு முடைன்னா ஜனாதிபதி நிதியத்தோட மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம், பிரதேச செயலகத்துல கேட்டுப் பாருங்க, டொக்டர்ட கடிதம் வேணும், அத முதல் கிளினிக்லயே கேட்டு வாங்கிடுங்க.

தெஹிவளையில இருந்து ஒரு வாசகி: ஆறு வருஷத்துக்கு முன்ன ஒல்ஃபெக்டரி நியூரோபிளாஸ்டோமாவுக்கு ஒபரேஷனும் ரேடியேஷனும் முடிஞ்சுது. நல்லா இருக்கேன், மணம் மட்டும் இல்ல, மூக்குல காஞ்ச பொருக்கு. அஞ்சு வருஷம் தாண்டினா சுகம்னு எல்லாரும் சொல்றாங்களே, இன்னும் கிளினிக் போகணுமா?

போகணும். அஞ்சு வருஷக் கணக்கு வேற புற்றுநோய்களுக்கு, உங்கட நோய்க்கு அது பொருந்தாது, பத்தும் தாண்டி வந்த ஆக்கள் இருக்காங்க, கழுத்து நெறியில மட்டும் தனியா வந்ததும் உண்டு. பிந்தி வந்தாலும் கண்டுபுடிச்சா திரும்ப எடுக்கலாம், அதனாலதான் விடாம பாக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கமராவும், டொக்டர் சொல்ற இடைவெளியில எம்ஆர்ஐயும், நீங்களே குளிக்கும்போது கழுத்த தடவிப் பாக்கிறதும். ரேடியேஷன் பிட்யூட்டரிக்கு பக்கத்தால போயிருக்கும், களைப்பு, குளிர் தாங்காம போறது, காரணமில்லாம நிறை கூடுறதுன்னா தைரொய்டும் மத்த ஹோர்மோனும் பாக்கச் சொல்லுங்க, அது வருஷக்கணக்கு பிந்தித்தான் குறையும்.

பொருக்குக்கு கொதிச்சு ஆறின தண்ணியில உப்பும் கொஞ்சம் அப்பச்சோடாவும் போட்டு காலையும் ராவும் கழுவுங்க, பைப் தண்ணிய நேர விட வேணாம், பொருக்க நகத்தால பிய்க்கவும் வேணாம். மணம் இனி வராதுன்னு டொக்டர் சொல்லியிருந்தா வீட்டுல காஸ் சிலிண்டர் உள்ளதால யாராவது மணம் தெரிஞ்ச ஆள் ராவுக்கு ஒருக்கா குசினிய பாக்கணும், தனியா இருக்கீங்கன்னா ரெகுலேட்டர பூட்டிட்டே படுங்க, மீன் கறிய மணந்து பாத்து எடுத்து வைக்கிற பழக்கத்த விட்டுட்டு சமைச்ச நாள டப்பியில எழுதி வைங்க. அடுத்த கிளினிக்குக்கு போகும்போது ஆறு வருஷத்து முதல் எம்ஆர்ஐ படத்தையும் பையில போடுங்க, புது படத்த மட்டும் பாத்தா ரேடியேஷன் தழும்பா புதுசா வளருதான்னு சொல்றது கஷ்டம், பழசு பக்கத்துல இருந்தா பாக்கிற டொக்டருக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.